பால் பீய்ச்ச ஓர் அறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இதயத்தின் கீழறைகளுக்கு இடையே பெரிய துளையோடு பிறந்த எங்கள் மகளை, பிறந்த 20-ஆம் நாளில் வடசென்னையிலுள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்து, 41 நாட்கள் உடனிருந்தேன். இத்தகைய குழந்தைக்குப் பால் குடிப்பதே பெரும் உழைப்பு. நான்கு வாய் உறிஞ்சுவதற்குள் நெற்றி வியர்த்து, மூச்சு இரைத்து, மார்பிலேயே சோர்ந்து உறங்கிவிடுவாள். எனவே மூக்கு வழியே குழாய் செருகி, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை தாய்ப்பாலைச் செலுத்தினார்கள்.

அந்தப் பாலைப் பீய்ச்ச அங்கே தனியிடம் இல்லை. பிரசவத் தையலின் வலி தீராத நிலையில், மாடிப்படிக்கு அடியில் என் மாமியார் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்க, எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சி எடுத்துச் சென்றிருக்கிறேன். இரவு பகலாக ஓடிய செவிலியர்கள் மீது எனக்குக் குறையில்லை. அறுவைச் சிகிச்சைச் செலவையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. அதற்கு என்றும் நன்றியுடையோம்.

ஆயினும், 100 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று இதயக் குறைபாட்டோடு பிறக்கும் நிலையில், பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் கதவுள்ள ஓர் அறை, கைகழுவும் தொட்டி, பாலைப் பாதுகாக்கக் குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். பார்வையாளர் நேரத்தையும் தளர்த்த வேண்டும். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் முடித்து ஓடிவந்த என் கணவர், பல நாட்கள் மகளைக் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்தார்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தண்டையார்பேட்டை, சென்னை.