தடை செய்த ஊசிக்கு மாற்று எது என்று யார் சொல்லித்தருவது?

ஆசிரியருக்கு,

மோயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறு கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். தடை செய்யப்பட்ட வலிநீக்கி ஊசிகளைக் கால்நடை மருத்துவர்கள் இன்னும் கைவிடவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. சத்தியமங்கலம் வட்டாரத்தில் காட்டை ஒட்டிய ஓர் அரசு கால்நடை மருந்தகத்தில் பணியாற்றுகிறேன். அந்த வரி எரிச்சலூட்டியது. முழுக்கப் பொய் என்று மறுக்க முடியாததால் எரிச்சல் இன்னும் கூடியது.

டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கியைச் செலுத்திய மாடு இறந்து, அதைத் தின்னும் பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியது போலப் படிந்து, சில நாட்களில் பறவை செத்துவிழுகிறது. இது 2004இல் உறுதியானது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தார்கள். உடனே மனிதர்களுக்கான 30 மில்லி புட்டி மாட்டுக்கு வந்து சேர்ந்தது; அதை 3 மில்லியாகக் குறைக்க 2015 ஆயிற்று. இடையில் அசிக்ளோஃபினாக் என்று ஒன்று. பெயர்தான் வேறு, மாட்டின் உடலுக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. அதையும் கீட்டோபுரோஃபென் என்ற இன்னொரு வலிநீக்கியையும் 2023 ஜூலையிலும், நிமெசுலைடு என்ற வலிநீக்கியை 2024 டிசம்பர் இறுதியிலும் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். ஆய்விதழ் படிக்க வழியில்லாத ஒரு கிராமத்து மருத்துவர் அசிக்ளோஃபினாக்கை 'பாதுகாப்பான புது மருந்து' என்று நம்பியிருந்தால் அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

இந்தத் தடைகளை எனக்கு முதலில் சொன்னவர் மருந்து நிறுவனப் பிரதிநிதி. சொல்லிவிட்டு, பையிலிருந்து வேறொரு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். களத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரின் தொடர்கல்வி பெரும்பாலும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. அரசாணையின் நகல் பிறகு வந்தது. எதைப் போடக்கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. எதை, எவ்வளவு, எப்படிப் போடுவது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருக்கிறது. வலிநீக்கிகளில் பாறுகளுக்குத் தீங்கு செய்யாதவை என்று சோதித்து அறிந்தவை மெலாக்சிகாமும் டால்ஃபெனமிக் அமிலமும். மெலாக்சிகாமின் அளவு கிலோ எடைக்கு அரை மில்லிகிராம். கடையில் பரவலாகக் கிடைக்கும் புட்டியில் மில்லிக்கு 5 மில்லிகிராம்தான் இருக்கும். 300 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு 30 மில்லி தேவை, அதாவது ஒரு பெரிய புட்டி முழுவதும். நடப்பது என்ன? பத்து, பதினைந்து மில்லி போட்டுவிட்டு, "இந்த மருந்து வேலை செய்யவில்லை" என்று பழைய ஊசியைத் தேடிப் போகிறார்கள். மாட்டின் எடையைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற தன்னம்பிக்கை எங்கள் தொழிலில் கொஞ்சம் அதிகம். நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது எவ்வளவு தவறு என்று தெரியும்.

மழைக்குப் பின் பட்டி மாடுகளுக்கு மூன்று நாள் காய்ச்சல் வரும்போது இந்தச் சிக்கல் உச்சத்துக்குப் போகிறது. மாடு நடுங்கும், காலை நொண்டும், படுத்தால் எழாது. "டாக்டரம்மா, போன மழைக்குப் போட்ட ஊசியையே போடுங்கள், அதில்தான் மாடு எழுந்தது" என்பார்கள். இது கொசுவும் கடிபூச்சியும் பரப்பும் நச்சுயிரிக் காய்ச்சல். பெரும்பாலான மாடுகள் மூன்றாம் நாள் தாமாகவே எழுந்துவிடும். எழுப்பிய பெருமை அன்றைக்குக் கையில் இருந்த ஊசிக்குப் போய்விடும். எழாத மாட்டுக்குப் பல நேரங்களில் தேவை கால்சியம். இந்தக் காய்ச்சலில் விழுங்கும் திறன் மந்தப்படும் என்பதால் வாய்வழியே கஷாயமோ கஞ்சியோ புகட்டினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் அபாயமும் உண்டு. இதையெல்லாம் ஒரு பிற்பகலில் சொல்லித்தந்துவிடலாம்.

ஆனால் நான் கடைசியாகப் போன புத்தொளிப் பயிற்சியில் நாய்க்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்வதைப் படக்காட்சியாகக் காட்டினார்கள். அருமையான படக்காட்சி, உண்மையாகவே ரசித்துப் பார்த்தேன். மதியம் சாப்பாடும் நன்றாக இருந்தது. சான்றிதழில் என் பெயரையும் பிழையில்லாமல் அச்சிட்டிருந்தார்கள். இணையவழிக் கருத்தரங்குகளோ பெரும்பாலும் காலை வேளையில், மருந்தகத்தில் கூட்டம் நிற்கும்போது நடக்கின்றன. கைப்பேசியை ஓடவிட்டுவிட்டு மாட்டைப் பார்க்கிறோம். முடிவில் படிவத்தை நிரப்பினால் அதற்கும் ஒரு சான்றிதழ்.

நான் கேட்பது பெரிதல்ல. பருவமழைக்கு முன்பு, வட்ட அளவில், மாட்டுப் பட்டியிலேயே அரை நாள் பயிற்சி. ஒரு நாடா, ஊசி, இரண்டு மருந்துப் புட்டிகள், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மருந்தியல் ஆசிரியர். கூடவே வனத்துறையின் கால்நடை மருத்துவரும் வந்து, இறந்த பாறுவின் உடற்கூறாய்வில் என்ன தெரிகிறது என்பதைக் காட்டினால் எவருக்கும் மறக்காது. ஃப்ளூனிக்சின் என்ற வலிநீக்கியும் பாறுகளுக்கு ஆகாது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. அதற்கும் தடை வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எங்களிடம் பேசலாம்.

சக மருத்துவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மலையோர ஊர்களில் மாட்டுக்கு ஊசி போடுபவர்கள் எல்லோரும் பட்டம் பெற்றவர்கள் அல்லர். கருவூட்டல் செய்பவர், மருந்துக்கடைக்காரர், பால் சங்கத்துக்காரர் எனப் பலர் போடுகிறார்கள். அது சட்டப்படி தவறு, அதை நான் ஆதரிக்கவும் இல்லை. ஆனால் டைக்ளோஃபினாக் எங்கிருந்து மாட்டுக்குள் போகிறதோ, தகவல் அங்கும் போய்ச் சேர வேண்டும். ஊசி போடுவதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லவில்லை. எந்தெந்தப் புட்டியைத் தொடக்கூடாது, ஏன் தொடக்கூடாது என்பதைப் படம் போட்ட ஒரு பக்கத் தாளாக அச்சிட்டுப் பால் சங்கத்திலும் மருந்துக்கடையிலும் ஒட்டலாமே. அதற்கு அரசாணைகூடத் தேவையில்லை.

அரசுப் பணியில் இருப்பதால் என் பெயரைத் தவிர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

— கால்நடை உதவி மருத்துவர்,
சத்தியமங்கலம் வட்டம், ஈரோடு மாவட்டம்