ஒன்றரை ஷிப்ட்

திருப்பூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாச்சு, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை மறக்காமல் விடச் சொல்.

ஞாயிற்றுக்கிழமையும் வண்டி ஓட்டப் போகலாமா என்று கேட்டிருந்தாய். இதைப் போய் என்னிடம் கேட்கிறாயே! பதினெட்டு வருஷம் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவன் நான்.

பனியன் கம்பெனிக் கணக்கு உனக்குத் தெரியாது. காலை எட்டரைக்குப் பவர் டேபிள் தையல் மிஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட், சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி நேரம். ராத்திரி எட்டரை வரை தைத்தால் ஒன்றரை. எனக்கு ஷிப்டுக்கு 520 ரூபாய், அந்த மூன்று மணி நேரத்துக்கு 260. மணிக்கு 65 என்று பார்த்தால் 195தானே வரணும், 65 கூடவே கிடைக்கிறது என்று இத்தனை வருஷமும் பூரித்துப்போயிருந்தேன். சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி, ஆக 390 என்று சங்கத்துக்காரர் ஒருவர் டீக்கடையில் சொன்னபோதுதான் உறைத்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தாரே, அன்றைக்கு எங்கள் லைனில் ஒரே சிரிப்பு. நாங்கள் எப்போதிருந்தோ அதைத்தானே பார்க்கிறோம்.

பொங்கல் கழித்து வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஐந்தரைக்கே மிஷினை விட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறேன். முதல் நாள் கதவைத் திறந்த சின்னவள், "ஏம்ப்பா, கம்பெனில கரண்ட் இல்லையா?" என்றாள். எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். பிறகு அவளை டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நஞ்சராயன் குளத்துக்குப் போனேன். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்த்தார்களே, அதே குளம்தான். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. தினமும் அந்த வழியாக வந்தும், இருட்டில் தண்ணீர் வாடையைத் தவிர வேறொன்றும் கண்டதில்லை. கூழைக்கடா ஒன்று அலகுப் பையில் மீனோடு தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தது. சின்னவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன், முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. எப்போது விழுந்ததென்றே எனக்குத் தெரியாது.

வாரம் 780 ரூபாய் குறைகிறது. சனிக்கிழமைக் கூலிக் கவரை உன் தங்கச்சி முதல் வாரம் இரண்டு தரம் எண்ணினாள்.

அதற்காக, காசு கிடக்கட்டும் விடு என்று உனக்குச் சொல்ல மாட்டேன். 2020 ஊரடங்கில் நேரத்துக்கா பஞ்சம்? கையில் காசில்லாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு நாள்கூட குளத்துப் பக்கம் போகத் தோன்றவில்லை. பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

உனக்கு வண்டி டியூ இன்னும் எத்தனை மாசம்? அது தீரும் வரைக்கும் ஞாயிறும் ஓட்டு. தீர்ந்த மறு வாரமே நிறுத்திவிடு. நான் சீட்டுப் பணம் கட்டி முடிக்கத்தான் அரை ஷிப்டில் உட்கார்ந்தேன். சீட்டு முடிந்தும் எத்தனையோ வருஷம் எழுந்திருக்கவில்லை. 260 ரூபாய் வரும் என்றால் அதற்கொரு செலவு தானாக வந்து நிற்கிறது, மாப்ளே. பெரிய போன் வந்தது, அதற்குத் தவணை வந்தது.

இந்த வாரம் ஷிப்மெண்ட் அவசரம். புதன் வரைக்கும் ஒன்றரைதான், மாஸ்டரிடம் ஒத்துக்கொண்டுவிட்டேன். வியாழக்கிழமை முடியாதென்று சொல்லியிருக்கிறேன், சின்னவள் இப்போதே பையில் பொரி கட்டி வைத்துவிட்டாள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான்