அந்த பழைய ஜாவாவ எடுக்கறது பத்தி அம்மிணிக்கு

அம்மிணி,

நீ அனுப்புன போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஜாவா 7ங்கற பழைய சாஃப்ட்வேர் போகமாட்டேங்குது, அன்இன்ஸ்டால் குடுத்தா அத மொதல்ல போட்ட எம்எஸ்ஐங்கற இன்ஸ்டால் ஃபைல் எங்கன்னு காட்டச் சொல்லுது, அவ்ளோதான? ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல இருக்கற ஜாவா ஃபோல்டரயே டெலீட் பண்ணீரலாம்னு ஆபீஸ்ல யாரோ சொன்னாங்கன்னியே, அத மட்டும் பண்ணீராத. ஃபோல்டர் போயிரும், ஆனா போட்டிருக்கற ப்ரோகிராம் லிஸ்ட்ல பேரு அப்படியே நிக்கும், விண்டோஸ் தன்னோட செட்டிங்கெல்லாம் எழுதி வெக்கற ரெஜிஸ்ட்ரில இருக்கறதும் போகாது, அப்புறம் எடுக்கறது இன்னும் இழுவை.

அது ஏன் அந்த ஃபைல கேக்குதுன்னா, எம்எஸ்ஐ வழியா போட்டத எடுக்கறதுக்கும் அதே எம்எஸ்ஐ வேணும், எந்த ஃபைல எங்க வெச்சோம்ங்கற கணக்கு அதுக்குள்ளதான் இருக்குது. அதனால விண்டோஸ் அதுல ஒரு காப்பிய, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இன்ஸ்டாலர்னு மறைஞ்சு கெடக்கற ஃபோல்டர்ல வெச்சுக்கும். சி டிரைவ் சிவப்பா காட்டுதுன்னு யாரோ அத தொடச்சு விட்டிருப்பாங்க. பாலிடெக்னிக் லேப்ல இத நெறய பாத்திருக்கறேன், இடம் மிச்சம் பண்றேன்னு அதுல கை வெச்சா அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, என்னிக்கோ அப்டேட் போட வர்றவங்க தலைல விடியும்.

மொதல்ல உங்க சீனியர்கிட்ட ஒண்ணு கேட்டுக்க. டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன செருகி டெண்டர் போடறதுக்கு அப்பல்லாம் பிரவுசருக்குள்ள ஓடற சின்ன ஜாவா ப்ரோகிராம், ஆப்லெட்னு, அது வேணும், அதனாலதான் இத்தன நாளா யாரும் தொடல போல. குரோம் 2015லயே ஆப்லெட்ட ஓட்டற அந்த மாதிரி ப்ளக்இன்ன நிறுத்தீருச்சு, ஜாவா 7க்கு எல்லாருக்கும் குடுத்த அப்டேட்டும் அதே வருஷம் ஏப்ரலோட முடிஞ்சுது. ஆனாலும் வேற எதாச்சும் சைன் பண்ற சாஃப்ட்வேர் இத நம்பி ஓடுதான்னு பாக்காம எடுத்துப்போட்டு, ரிட்டர்ன் கடைசி நாள்ல முழிக்காத சாமி.

அப்புறம் எதாச்சும் கெட்டா பழைய நெலைக்குத் திரும்பறதுக்கு ரீஸ்டோர் பாயிண்ட் ஒண்ணு போட்டுட்டு, பிரவுசர் எல்லாம் மூடீட்டு, டாஸ்க் மேனேஜர்ல ஜாவா அப்டேட் ஷெட்யூலர் ஓடுனா அதயும் நிறுத்தீரு. மைக்ரோசாஃப்ட் சைட்லயே ப்ரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் ட்ரபுள்ஷூட்டர்னு ஒண்ணு சும்மாவே கெடைக்கும், அத அங்கிருந்து மட்டும் எறக்கு, தேடறப்ப மேல வர்ற விளம்பரத்துல கண்ட அன்இன்ஸ்டாலரும் வரும், ஒண்ண எடுக்கப்போயி நாலு வந்து ஒக்காந்துக்கும். ஓட்டி அன்இன்ஸ்டாலிங் குடுத்தா லிஸ்ட் வரும், ஜாவா 7அ தொட்டு எடுத்துரு. லிஸ்ட்ல இல்லைன்னா ப்ராடக்ட் கோட் கேக்கும், அதுக்கு ரெஜிஸ்ட்ரில அன்இன்ஸ்டால்ங்கற கீக்கு, அதாவது ஃபோல்டர் மாதிரி இருக்கறதுக்கு, அடியில வரிசையா பாரு, டிஸ்ப்ளேநேம்ல ஜாவான்னு இருக்கற கீயோட நீளமான பேருதான் அந்த கோட். பாத்துட்டு வந்துரு, அங்க எதயும் அழிக்காத. 64 பிட் விண்டோஸ்ல 32 பிட் ஜாவாவா இருந்தா வாவ்6432நோட்ங்கறதுக்குள்ள போயி தேடோணும். 32, 64 ரெண்டுமே போட்டு வெச்சிருப்பாங்க, ஒண்ணு போனதும் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சராத.

அவசியமானது மட்டும் ஓடற சேஃப் மோட்ல போயி எடுன்னு யாராச்சும் சொல்லுவாங்க. எம்எஸ்ஐல போட்டதுக்கு அது ஆகாது, எம்எஸ்ஐய கையாளற விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சாதாரணமா அங்க ஓடவே ஓடாது.

எடுத்து முடிச்சதும் ரீஸ்டார்ட்னே குடு. ஷட்டவுன் பண்ணி மறுபடி ஆன் பண்றது வேற, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தா உள்ள இருக்கறத பாதி தூங்க வெச்சுட்டு அப்படியே எழுப்பும், அடுத்த பூட்ல அழிக்கலாம்னு விட்டு வெச்ச ஃபைலெல்லாம் அப்படியே இருக்கும்.

போட்டோல அதே லிஸ்ட்ல பிரவுசர்ல வீடியோ, கேம் ஓட்டறதுக்கு இருந்த ஃப்ளாஷ் ப்ளேயரும் தெரியுதே, அது 2020 டிசம்பர் 31ஓட முடிஞ்சு போன சமாச்சாரம், 2021 ஜனவரி 12ல இருந்து ஓடவும் ஓடாது. மைக்ரோசாஃப்ட் விட்ட அப்டேட் விண்டோஸோட வந்த ஃப்ளாஷ மட்டுந்தான் எடுக்கும், தனியா போட்டத நீதான் எடுக்கோணும். ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல பண்ண வேண்டாம், ஜாவா போயி ஆபீஸ் வேலை ஒழுங்கா நடக்குதான்னு பாத்துட்டு பண்ணிக்க.

மறுபடி எதாச்சும் எரர் வந்தா போட்டோவ சாய்ச்சு எடுக்காத, நம்பரு பாதிதான் தெரியுது.

அம்மா