அம்மா, ஜமைக்காவில் நீ கரை இறங்க வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். போன வாரம் போனில் "எதுக்குடி எங்களைக் கப்பலில் எல்லாம் கூட்டிப் போகிறாய், வீட்டிலேயே பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருகிறோமே" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் சின்னவன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய். கடிதம் என்றால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உனக்கு முழுவதும் வாசித்துக் காட்டிவிடுவார்.

முதலில் ஏன் கப்பல் என்று சொல்லிவிடுகிறேன். இங்கே அமெரிக்காவில் தனியார் கம்பெனி சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்திய சட்டம் எதுவும் இல்லை. கம்பெனி கொடுத்தால் உண்டு. எனக்கு வருஷத்துக்கு 15 நாள், அதிலேதான் காய்ச்சல், பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை, ஊருக்கு வருவது எல்லாமே அடங்க வேண்டும். போன முறை நீங்கள் வந்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பார். நான் காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் போவேன், நீ எனக்கு டிபன் கட்டித் தருவாய், நான் திரும்பி வரும்போது நீ சமையலறையில் நின்றுகொண்டிருப்பாய். மூன்று மாதம் இருந்தாய், மூன்று மாதமும் வேலை செய்தாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து சும்மா உட்கார்ந்தது மொத்தமாக எத்தனை மணி நேரம் இருக்கும்? நான் எண்ணிப் பார்த்து அழுதிருக்கிறேன் அம்மா. வீட்டில் இருந்தால் நீ உட்கார மாட்டாய். கப்பலில் உனக்கு அடுப்பு கிடையாது, பாத்திரம் கிடையாது, படுக்கையைக்கூட வேறு ஒருவர் வந்து விரித்துவிட்டுப் போவார். நான் இதை எடுத்ததற்கு முழுக் காரணமும் அதுதான், கடல் எல்லாம் அப்புறம்.

மார்ச் கடைசி வாரம், ஞாயிற்றுக்கிழமை மயாமியில் ஏறி அடுத்த சனிக்கிழமை காலை அங்கேயே இறங்குகிறோம். எங்கள் டாம்பாவிலும் துறைமுகம் இருக்கிறது, ஆனால் விரிகுடாவின் வாயில் ஒரு பெரிய பாலம் குறுக்கே நிற்கிறது, அதன் கீழே சுமார் 55 மீட்டர்தான் இடைவெளி, உயரமான கப்பல்கள் நுழைய முடியாது. அதனால் நாலு மணி நேரம் காரில் மயாமி போகிறோம். ஆறு இரவு, மூன்று ஊர். ஜமைக்காவில் ஓச்சோ ரியோஸ், அடுத்த நாள் கிராண்ட் கேமன், அதற்கடுத்த நாள் மெக்சிகோவின் கோசுமெல் தீவு. போகும்போது ஒரு நாளும் வரும்போது ஒரு நாளும் கடலிலேயே.

உன் மாப்பிள்ளையும் நானும் இரண்டு வருஷம் முன்னால் பிள்ளைகளோடு இப்படி ஒரு முறை போனோமே, அப்போது நான் செய்த திட்டம் தப்பு. காசு கொடுத்திருக்கிறோம், ஒரு இடத்தையும் விட்டுவிடக்கூடாது என்று ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று இடம் போட்டேன். கோசுமெலில் வெளியாள் ஒருவரிடம் வண்டி பேசினோம், கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவைவிட விலை பாதிதான். ஆனால் கப்பலின் கடிகாரம் மயாமி நேரத்தில் ஓடுகிறது. கோசுமெலோ வருஷம் முழுவதும் ஒரே நேரம், இங்கே போல மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதில்லை. என் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டது, நான் அதைப் பார்த்துக்கொண்டு இன்னும் நேரம் இருக்கிறது என்று கடையில் நின்றேன். பெரியவள்தான் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நீளமான துறைமுகப் பாலத்தில் ஓடியது இன்னும் கனவில் வருகிறது. கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போய் வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த ஊர் வரை நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நாமாகப் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் உங்கள் இருவரையும் கூட வைத்துக்கொண்டு அந்த வித்தியாசத்தோடு விளையாட எனக்கு மனசில்லை. இந்த முறை தூரமான இடம் எல்லாம் கப்பல் மூலமாகத்தான். அப்பா பழைய எச்எம்டி கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வரட்டும், ஏறின அன்றைக்குக் கப்பல் நேரத்துக்கு வைத்துவிட்டால் அப்புறம் யாரும் அதைத் தொடக்கூடாது.

சரி, இப்போது ஜமைக்கா. ஓச்சோ ரியோஸ் பக்கத்தில் டன்ஸ் ரிவர் அருவி இருக்கிறது. 180 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக இறங்கி நேராகக் கடலில் விழுகிறது, ஆட்கள் கைகோத்துக்கொண்டு கீழேயிருந்து தண்ணீருக்குள்ளேயே ஏறுவார்கள். பாறை வழுக்கும், தனிச் செருப்பு வேண்டும். உன் முழங்காலுக்கு அது ஆகாது. உன் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் போகிறார்கள், அப்பா கூடப் போய்ப் பக்கத்துப் படிக்கட்டில் நின்று பார்ப்பார். அப்பாவுக்கு அந்த ஊரைப் பார்க்க வேறு ஒரு காரணமும் இருக்கிறது. 1845-ல் கரும்புத் தோட்ட வேலைக்கு என்று நம் நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுபோய் இறக்கிய தீவு அது. அவர்கள் வழியாக வந்த ஆட்டுக்கறிக் குழம்பை இன்றைக்கும் ஜமைக்காக்காரர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாடு என்றுதான் சொல்கிறார்கள். அங்கே தமிழர்கள் உண்டா என்று அப்பா கேட்டார் இல்லையா, தமிழர்கள் அதிகமாகப் போனது பிரெஞ்சுக்காரர்களின் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கு. பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்கள். குவாதலூப்பில் சாங்கி என்ற இடத்தில் கோபுரத்தோடு கோவிலே இருக்கிறது, அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். அந்தப் பக்கம் போகும் கப்பல் வேறு, விசா வேலையும் வேறு. அப்பாவை ஒருநாள் அங்கே கூட்டிப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

நீ அன்றைக்குக் கரை இறங்க வேண்டாம். நானும் இறங்கவில்லை. நாம் இரண்டு பேரும் ஸ்பாவுக்குப் போகிறோம்.

வேண்டாம் என்று சொல்லாதே, முழுவதையும் கேள். ஸ்பா என்றால் உடம்பு பிடித்துவிடும் இடம். கப்பலில் அது மேல் தளத்தில் முன்பக்கமாக இருக்கும், பெரிய கண்ணாடிச் சுவர், எதிரே கடல் மட்டும்தான். கடலிலேயே இருக்கும் நாளில் எல்லோரும் அங்கேதான் குவிவார்கள், விலையும் அதிகம், ஐம்பது நிமிஷ மசாஜ் 150 டாலருக்குக் குறையாது, அதற்கு மேல் டிப்ஸ் என்று தானாகவே ஒரு பங்கு பில்லில் சேர்ந்துவிடும். ஆனால் கப்பல் கரையில் நிற்கும் நாளில் பாதிப் பேர் வெளியே போய்விடுவதால் ஆள் இருக்க மாட்டார்கள், தள்ளுபடியும் கொடுப்பார்கள். அதனால்தான் ஜமைக்கா நாளை எடுத்தேன். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே, தயவுசெய்து. பெண்தான் வேண்டும் என்று முன்பதிவிலேயே கேட்டிருக்கிறேன். உனக்குப் பாதமும் முழங்காலுக்குக் கீழேயும் தோளும் கையும் மட்டும். ஒரு அங்கி தருவார்கள், மேலே துண்டு போர்த்தியிருக்கும், கூச்சப்பட ஒன்றுமே இல்லை. சூடான கல் வைத்துச் செய்கிறது ஒன்று உண்டு, அது உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு பட்டாலும் தெரியாது. முடிந்ததும் எண்ணெய், கிரீம் என்று எதையாவது விற்கப் பார்ப்பார்கள், நீ சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் பக்கத்திலேயே வெதுவெதுப்பான ஓடு பதித்த சாய்வு நாற்காலிகள் இருக்கும். அதில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். பேச வேண்டும் என்றுகூட இல்லை. எனக்கு எண்ணெய் தேய்த்து, என் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்து, மூன்று பிரசவத்துக்குக் கால் அமுக்கிவிட்ட உன் கையை ஒரு மணி நேரமாவது யாராவது பிடித்துவிடட்டும்.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பலுக்குக் கரை கிடையாது. கரைக்குக் கொஞ்சம் தள்ளிக் கடலிலேயே நிறுத்திச் சின்னப் படகில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். ஏறும்போது ஒரு எட்டு வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஆட்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், பயப்படாதே. கடல் கொந்தளித்தால் அந்த ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுவதும் உண்டு, கப்பல் மூலம் கட்டிய பணம் அப்போது திரும்பி வந்துவிடும். பிள்ளைகள் அங்கே திருக்கை மீன்களைத் தொடப் போகிறார்கள். மீனவர்கள் முன்பெல்லாம் அந்த மணல் திட்டுப் பக்கம் படகை நிறுத்தி மீன் கழுவுவார்களாம், கழிவைத் தின்ன வந்த திருக்கைகள் அங்கேயே பழகிவிட்டன. தண்ணீர் இடுப்பளவுதான். திருக்கைக்கு வாலில் முள் உண்டு, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்க வேண்டும் என்று சின்னவனுக்கு வீட்டுக்குள்ளேயே பழக்கிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் அப்பாவுக்கும் வேறு படகு. அதன் அடிப்பாகம் தண்ணீருக்குள் இருக்கும், சில படி இறங்கி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் பவளப் பாறையும் மீனும் கண்ணுக்கு நேரே. சேலை நனையாது.

கோசுமெல்தான் நான் ரொம்ப நேரம் யோசித்தது. எல்லோரும் சிச்சென் இட்சா போகச் சொல்கிறார்கள், அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான மாயா மக்கள் கட்டிய பழைய பிரமிடு இருக்கும் இடம். தீவிலிருந்து முக்கால் மணி நேரம் படகு, அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ், திரும்பவும் அதே தூரம். அங்கே அந்தப் பிரமிட்டில் ஏறவும் இப்போது விடுவதில்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தீவுக்குள்ளேயே சான் கெர்வாசியோ என்று ஒரு இடம் இருக்கிறது. சின்னச் சின்னக் கல் கட்டடங்கள்தான், பெரிய உயரம் எதுவும் இல்லை, காட்டுக்குள் சமதரையான பாதை, வழியெல்லாம் உடும்பு மாதிரி இகுவானாக்கள் வெயில் காயும். மாயா மக்களின் இஷ்செல் என்ற தெய்வத்தின் இடம் அது. பிள்ளை வரம், பிரசவம், மருத்துவம் எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள் என்று நம்பினார்கள், பெண்கள் கரையிலிருந்து துடுப்புப் படகில் கடல் தாண்டி வந்து கும்பிட்டுப் போனார்கள். எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் பிள்ளை இல்லாதபோது நீ செவ்வாய்க்கிழமை தவறாமல் நடந்தே கோவிலுக்குப் போனாயே, எனக்குச் சொல்லாமல். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த இடத்தைப் பற்றிப் படித்ததும் உன்னை அங்கே நிறுத்திப் பெரியவளையும் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. காலையிலேயே போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கு வந்துவிடுவோம்.

இனி கொண்டுவர வேண்டியது. உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழையும் விசா, அதனால் வெளியே போய்த் திரும்பி வரலாம், மெக்சிகோவுக்கும் அதுவே போதும், ஜமைக்காவுக்கு நமக்கு விசா வேண்டியதில்லை. பழைய பாஸ்போர்ட்டில் விசா இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டும் வேண்டும். மாத்திரைகள் கைப்பையில், பெட்டியில் வேண்டாம், ஏறுகிற அன்றைக்குப் பெட்டி அறைக்கு வர சாயங்காலம் ஆகிவிடும். அப்பாவின் அந்தப் பட்டாளத்துப் பச்சைப் புள்ளித் தொப்பியை ஊரிலேயே வைத்துவிடச் சொல். ஜமைக்காவில் ராணுவத் துணி மாதிரி எதையும் பொதுமக்கள் போடக்கூடாது, அது அங்கே சட்டம். தலைசுற்றலுக்காகக் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த் தளத்தில் அறை எடுத்திருக்கிறேன், அங்கேதான் ஆட்டம் குறைவு. சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், முதல் நாளே சொல்லிவைத்தால் நமக்குச் சைவமாகச் செய்து தருவார்கள். நீ ஊறுகாய் பாட்டில் எடுத்து வராதே அம்மா, இங்கே வீட்டில் இருக்கிறது.

ஸ்பாவில் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நீ இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அதில் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை உங்கள் நேரம் எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்து வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் சின்ன மகள்