கோழி யூடியூப் பார்க்கவில்லை: தோட்டத்து வைஃபை பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோவை அலுவலகம்.

பொருள்: தோட்டம் முழுக்க வைஃபை தருவதாகப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டு ஹாலுக்குள் மட்டும் தந்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் குடியிருக்கும் உங்கள் வாடிக்கையாளர் எழுதுவது. போனில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. புகார் எண் என்ன என்று கேட்பீர்கள். எதைக் கொடுப்பது? ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று தருகிறீர்கள், மறுநாளே 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள். உங்கள் சேவையில் தடங்கல் இல்லாமல் வந்து சேர்வது அந்தக் குறுஞ்செய்தி ஒன்றுதான். அதனால் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

இடம் எப்படி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். திட்டத்தை விற்க வந்தவர் வெள்ளைத் தாளில் படம் போட்டே எடுத்துக்கொண்டு போனார். ரோட்டோரம் வீடு, அதன் பின்னால் மாட்டுக் கட்டுத்தறி, தோப்பைத் தாண்டி சுமார் 180 மீட்டரில் கோழி ஷெட் இரண்டு. கிழக்கே இட்டேரி என்கிற வண்டிப் பாதையை ஒட்டி என் அய்யனும் ஆத்தாவும் இருக்கும் பழைய ஓட்டு வீடு. அதற்கும் அப்பால் தேங்காய்க் களமும் மோட்டார் ரூமும். "எல்லாத்துக்கும் ஒரே பேருல வருமுங்க, நீங்க நடந்துக்கிட்டே பேசலாம், கட்டே ஆகாது" என்றார். மூன்று வெள்ளை வைஃபை பெட்டிகள், ஒரு வருடத்துக்கு முன்பணம். கட்டினேன்.

வீட்டுக்குள் நன்றாகத்தான் வருகிறது. அதை வைத்துத்தான் நீங்கள் தப்பித்துக்கொண்டே இருக்கிறீர்கள். வருகிற ஆள் யாராக இருந்தாலும் ஹாலில் டிவிக்குக் கீழே ரவுட்டர் பக்கத்தில் நின்று வேகம் பார்க்கிறார், 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது, அதைப் படம் பிடித்துக்கொண்டு ஓடிபி கேட்கிறார். ஓடிபி சொல்லாவிட்டால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்களாம். பாவம், சின்னப் பையன்கள், ஆடிக் காற்றில் பைக்கை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். மோர் கொடுத்து ஓடிபியும் சொல்லி அனுப்புகிறோம். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஷெட்டில் வராத வைஃபையை ஹாலில் அளந்து புகாரை முடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதுதான் என் கேள்வி.

ஒரே ஒருவர் மட்டும் ஷெட் வரைக்கும் நடந்து வந்தார். வந்தவர் தன் செல்போனிலேயே பார்த்தார். கம்பி வலைக்கு வெளியே நின்றால் மூன்று கோடு. கதவைத் திறந்து உள்ளே ஒரு எட்டு வைத்தால் ஒரு கோடு, இன்னும் நாலு எட்டு வைத்தால் அதுவும் இல்லை. திரும்ப வெளியே வந்தால் மூன்று கோடு. "என்னங்கண்ணா இது" என்று என்னையே கேட்டார். கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் என் தங்கச்சி மகன் லீவுக்கு வந்தபோது ஐந்து நிமிஷத்தில் சொன்னான்: வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், கோழி வலையின் கண் ஒரு அங்குலம் கூட இல்லை, மேலே தகரக் கூரை வேறு, அலை உள்ளே நுழைய வழி எங்கே இருக்கிறது என்று. வைஃபையின் இன்னொரு அலையான 5 கிகாஹெர்ட்ஸ் தோப்பைத் தாண்டுவதில் அதைவிட மோசமாம், அது தென்னை மட்டையிலேயே பாதி செத்துவிடுமாம். பெட்டி உங்களுடையது. கோழி ஷெட் என்று விண்ணப்பத்தில் எழுதியவரும் உங்கள் ஆள்தான். காலேஜ் பையனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா?

சரி, இப்போது அந்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமே அவர்தான். சூப்பர்வைசர் என்று சொல்லி லைனைக் கொடுத்தார்கள். நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். "ஏனுங்க, ஷெட்டுல சிக்னல் நிக்கறதே இல்லீங்க" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "கோழி ஷெட்டுக்கு எதுக்கு சார் வைஃபை? கோழி யூடியூப் பாக்குதா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தது எனக்குக் கேட்டது. அப்புறம், "சார், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாக ஒவ்வொரு தடவையும் ஒரு அம்மா சொல்கிறார் அல்லவா, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

கோழி யூடியூப் பார்க்கவில்லை ஐயா. ஷெட்டுக்குள் வெப்பமானி இருக்கிறது. சூடு ஏறினால் என் செல்போனுக்கு அலாரம் வர வேண்டும். சித்திரை வெயிலில் மத்தியானம் ஃபேன் நின்று, எடை ஏறி விற்பனைக்கு நின்ற கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் செத்த கோழிகளை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தபோது சிக்னல் எங்கிருந்தோ வந்து, மத்தியானத்து அலாரமெல்லாம் வரிசையாக 'டிங் டிங்' என்று வந்து விழுந்தது. மத்தியானத்து நேரம் போட்டே வந்திருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன். அந்த பேட்ச் முழுக்கப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோழிக் கம்பெனிக்காரர் ஏற்றிக்கொண்டு போன மிச்சக் கோழியும் எடையே நிற்கவில்லை. லட்சக்கணக்கில் நட்டம்.

நடுப்பெட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அதைக் கட்டுத்தறித் தகரத்துக்குக் கீழே மாட்டினீர்கள். வீட்டிலிருந்து வாங்குவதும் ஷெட்டுக்குத் தருவதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் பாதியாகும் என்பது உங்களுக்கே தெரிந்த விஷயம். பாதி வந்தாலும் பரவாயில்லை என்றேன், அதுவும் வரவில்லை. பெட்டியில் கோளாறு இருக்கும், கோவை ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். விடிகாலையில் பால் கறந்துவிட்டு, பொள்ளாச்சி வழியாக 70 கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கவுண்டரில் இருந்த பெண் டோக்கன் கொடுத்து உட்கார வைத்தது. என் முறை வந்தபோது சாப்பாட்டு நேரம். சாப்பிட்டு வந்தவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "அடாப்டர் கொண்டு வரலீங்களா?" என்றார். கொண்டு வரச் சொல்லவில்லை என்றேன். கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, "உங்க ஏரியாவுக்குப் பொள்ளாச்சி ஆபீஸ்தானே பார்க்கணும்" என்றார். பொள்ளாச்சி! அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடித்துவிட்டுத்தான் ஐயா கோவைக்கே போனேன். திரும்பி வரும்போது பொள்ளாச்சி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. பஸ் காசு போகட்டும், அன்றைக்குத் தேங்காய் வெட்ட வந்த ஆட்கள் நான் இல்லாததால் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த வெட்டு தள்ளிப்போய் விலையும் இறங்கிவிட்டது.

அதற்கு முன்னால் கேபிள் இழுத்த கூத்து வேறு. நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது என்பது உங்கள் தொழிலில் முதல் பாடமாக இருக்க வேண்டும். 180 மீட்டருக்கு இழுத்து, நடுவில் தென்னை மரத்தில் வைத்து முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினார்கள். முதல் கோடை மழையில் பக்கத்தில் இடி விழுந்தது. இரண்டு பக்கமும் கேபிள் சொருகும் போர்ட் கருகிப் போயிற்று. அதற்கும் என்னிடமே பெட்டி விலையைக் கேட்டீர்கள்!

பிறகு கேபிள் இல்லாமல் சிக்னலை அனுப்ப டிஷ் மாதிரி இரண்டு கொண்டுவந்தீர்கள். ஒன்றை ஒன்று நேராகப் பார்த்தபடி இருக்க வேண்டியவை. வீட்டு மேல்நிலைத் தொட்டியில் ஒன்று, சரி. இன்னொன்றை ஷெட் பக்கத்துத் தென்னை மரத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்பதற்கு உடுமலைச் சுற்று வட்டாரத்துக் காற்றாலைகளே சாட்சி. மரம் ஆட ஆட, டிஷ் ஒரு நேரம் தொட்டியைப் பார்க்கிறது, ஒரு நேரம் திருமூர்த்தி மலையைப் பார்க்கிறது. ஷெட் பக்கம் 20 அடி இரும்புக் குழாய் நட்டு மாட்டுங்கள், குழாய் நான் தருகிறேன் என்றேன். 'திட்டத்தில் இல்லை' என்றார்கள். தென்னை மரம் மட்டும் திட்டத்தில் இருந்ததா?

வீட்டு விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். மகளுக்கு வெளிநாட்டு வரன் ஒன்று வந்தது. ஆத்தா பேத்தியோடு சேர்ந்து பேச வேண்டும் என்று ஓட்டு வீட்டில் உட்கார்ந்து வீடியோவில் பேசினோம். மாப்பிள்ளையின் அம்மா கேள்வி கேட்கும்போதெல்லாம் எங்கள் முகம் அப்படியே உறைந்து நின்றிருக்கிறது. பதில் பேச விருப்பம் இல்லாத குடும்பம் போல என்று தரகரிடம் சொல்லிவிட்டார்களாம். இதற்கு எவ்வளவு நட்ட ஈடு கேட்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் சண்டைக்கு நிற்கிற ஆள் இல்லை. கேட்பது பெரிய காரியமும் இல்லை. உங்கள் ஃபைபர் கம்பத்துக்குக் கம்பம் தொங்கி எத்தனையோ கிலோமீட்டர் தாண்டி என் வீட்டு ஹாலுக்கு வருகிறது. அதையே இன்னும் 180 மீட்டர் ஷெட்டுக்கும், ஒரு கிளை ஓட்டு வீட்டுக்கும் கொடுங்கள். கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது, உள்ளே இரும்புக் கம்பி வைக்காத ஃபைபராகப் போட்டால் இடிக்கும் பயமில்லை. சொட்டுநீர்க் குழாய்க்காக வரப்போரம் பறித்த குழி இன்னும் மூடாமல்தான் இருக்கிறது, பிவிசி குழாயும் நானே வாங்கித் தருகிறேன். ஷெட்டுக்கு உள்ளேயே, வலைக்கு இந்தப் பக்கமாக ஒரு பெட்டி வையுங்கள். இது முடியாது என்றால் முன்பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, தென்னை மரத்து ஆணியையும் பிடுங்கிக்கொண்டு போங்கள். அந்த சூப்பர்வைசர் என்னிடம் நேரில் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தின் நகல் உங்கள் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் போகிறது. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் 1915-இல் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்வேன், அப்புறம் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். உங்கள் ஆட்கள்தான் கோவையிலிருந்து பஸ் ஏற வேண்டியிருக்கும். வரும்போது அடாப்டரையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.

நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உடுமலை வாடிக்கையாளர்

பி.கு.: ஆள் அனுப்புவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்றைக்குக் கோழிக்குஞ்சு இறங்குகிறது. வருகிறவர் ஹாலில் அளக்காமல் நேராக ஷெட்டுக்கு வரட்டும். ஓடிபி அங்கே வைத்துத்தான் சொல்வேன்.