கன்றுக்கு முன் காணியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கார்த்திகை மரநடுகைக்கு ஆயத்தம் நடக்கிறது. எத்தனை கன்று என்றுதான் எல்லா இடமும் பேச்சு. எந்தக் காணி என்று கேட்பாரில்லை. அருகிவரும் பாலை, வீரை, முதிரை எல்லாம் மெதுவாக வளரும் மரங்கள். பேரப்பிள்ளைகள் காலத்து வறட்சியையும் உப்பையும் கணக்கில் எடுத்தே இவற்றுக்கு இடம் தெரிவுசெய்ய வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்தான் எங்கள் இருப்பு. அதன் மட்டம் ஓரடி இறங்கினால், காலப்போக்கில் கீழேயுள்ள உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. கடல்மட்டம் உயர்ந்து மழையும் பிந்தினால் நிலைமை இன்னும் இறுகும். ஆகவே அயல் கிணற்று நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனைத் தை மாதத்தில் அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். ஆவணி, புரட்டாதியில் அளவுங்கள். அப்போதும் உவர்க்காத கிணற்றுப் பக்கத்தையே இம்மரங்களுக்கு ஒதுக்குங்கள். கடலேரிக் கரைத் தாழ்நிலத்தை உப்பைத் தாங்கும் கண்டலுக்கும் தில்லைக்கும் விடலாம்.

செம்மண் என்று நம்பி வெட்டினால் சில இடங்களில் இரண்டடிக்குள் கல் தட்டும். முதலில் அலவாங்கால் குத்திப் பாருங்கள். வெடிப்புள்ள கல்லென்றால் வேர் அதனூடாக இறங்கும். முழுப்பாறை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

நட்ட கன்றை முதல் வருடத்தில் வாட்டி எடுப்பது சோளகம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை அந்தக் காய்ந்த காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். துப்புரவு என்று காரை, சூரைப் பற்றைகளை வழித்து எறிவது பெரிய தவறு. பற்றையின் வடகிழக்கு ஓரமாகக் கன்றை வைத்தால் காற்றும் பின்னேர வெயிலும் தணியும், முள்ளுக்குப் பயந்து ஆடும் கிட்ட வராது. பையில் கனகாலம் நின்ற கன்றென்றால் அடியைக் கிழித்துப் பாருங்கள். ஆணிவேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அது ஆழத்துக்குப் போகாது, மழை பொய்க்கும் முதற் கோடையிலேயே காய்ந்துவிடும்.

விதையிலும் கவனம் வேண்டும். கோயில் வீதியில் தனித்து நிற்கும் ஒரே மரத்தில் எடுத்த விதையால் ஊரெல்லாம் நட்டால், ஒரு நோயோ பெரும் வறட்சியோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோய்விடும். குறைந்தது 20 தாய்மரங்களில் எடுங்கள். உள்ளூரில் அவ்வளவு இல்லையென்றால் வனவளத் திணைக்களத்தின் அனுமதியோடு வன்னியிலும் சேர்க்கலாம். வீரையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஒவ்வொன்றாகச் சிதறி நட்டால் காயே பிடிக்காது. பத்துப் பன்னிரண்டாகக் கூட்டி வையுங்கள். அப்படியான கூட்டங்கள் கோயிற் காணி, குளக்கட்டு, பாடசாலை வளவு என்று பல ஊர்களில் இருக்கட்டும். ஓரிடத்தில் உப்பேறினாலும் மற்றவை மிஞ்சும்.

பிரதேச சபைகளிடம் ஒரு வேண்டுகோள். நடுகைக்கு ஒதுக்கும் பணத்தில் மூன்று கோடைக்கான தண்ணீருக்கும் வேலிக்கும் முதலில் எடுத்து வையுங்கள். மிச்சத்துக்கு எத்தனை கன்று வருமோ அத்தனை போதும். தப்பிய கன்றுகளை மூன்றாம் வருடப் புரட்டாதியில் எண்ணி, அந்தத் தொகையை இந்தப் பத்திரிகையில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நாட்டு மரக்கன்று வளர்ப்போர் சிலர்,
யாழ்ப்பாணம்.