கொடியைப் பற்றி அப்புறம் பேசலாம்: அரசில்லாக் குடியிருப்பு தொடங்கவிருக்கும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே,

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். தண்ணீர்க் கேன் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த நரைத்த தலைக்காரன் நான்தான். மூன்று மணி நேரம் பேசினீர்கள். குடியிருப்புக்கு என்ன பெயர், கொடி வேண்டுமா, அறிக்கையில் 'அரசின்மை' என்று போடுவதா 'தன்னாட்சி' என்று போடுவதா என்பதிலேயே பாதி நேரம் போனது. "ஒத்த கருத்துள்ள முப்பது பேர் கிடைத்தால் போதும், ஆரம்பித்துவிடலாம்" என்று முடித்தீர்கள். எல்லாரும் இறங்கிப் போன பிறகு அத்தனை டீ டம்ளரையும் ஒரே ஒரு பெண் கழுவிக்கொண்டிருந்தார். நான் துடைத்துக் கொடுத்தேன். அங்கே நின்றபோதுதான் இதை எழுதத் தோன்றியது.

கூட்டத்தில் ஆளுக்கொரு தரம் கிறிஸ்டியானியாவைச் சொன்னீர்கள். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்குள், ராணுவம் காலி செய்துவிட்டுப் போன முகாமில், 1971 செப்டம்பரில் பிறந்த குடியிருப்பு. இன்றும் சுமார் ஆயிரம் பேர் அங்கே இருக்கிறார்கள். சரி, அங்கே ஆள் எப்படிச் சேர்ந்தது? யாகப் லுத்விக்சன் என்ற பத்திரிகையாளர், எட்டாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துக் குடிபெயர்ந்து வாருங்கள் என்று எழுதினார். பஸ் ஏறி வந்தவர்களிடம் யாரும் கொள்கை கேட்கவில்லை. வீடில்லாதவர்கள், மாணவர்கள், ஹிப்பிகள், போதைக்கு அடிமையானவர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். ஒத்த கருத்து அவர்களிடம் இருந்ததில்லை. கூரையும் தண்ணீரும் வேண்டும் என்பதுதான் பொதுவாக இருந்தது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பணம் கட்டுகிறோம் என்று அடுத்த வருடமே ராணுவ அமைச்சகத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். நம் கூட்டத்தில் யாராவது கரண்ட் பில்லைப் பற்றிப் பேசினோமா?

இன்னொன்று. அது காலி முகாம். நீங்கள் செல்போனில் விரலை வைத்துக் காட்டிய 'காலி இடம்' காலியே இல்லை. வாய்க்கால் ஓரத்தில் தார்ப்பாய் போட்ட வீடுகள் இருக்கின்றன. பட்டா இல்லாமல், அதிகாரி தயவில்லாமல் எப்படிக் குடியிருப்பது என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். போய்க் கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் நாம் கொடி நடத் திட்டம் போடுகிறோம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேசினீர்கள். கிறிஸ்டியானியாவை முதலில் உலுக்கியது உள்ளேயே இருந்த ஹெராயின். 1979ஐ ஒட்டிய ஒரே வருடத்தில் பத்துப் பேர் வரை செத்தார்கள். வேறு வழியில்லாமல் போலீஸ் உதவியைக் கேட்டார்கள். போலீஸோ கஞ்சாக்காரர்களைத்தான் வளைத்துப் பிடித்தது. அதன் பிறகுதான், குடியிருந்தவர்களே நாற்பது நாள் இரவும் பகலும் காவல் நின்றார்கள். விற்றவர்களை வெளியேற்றினார்கள். அடிமையானவர்களிடம் "சிகிச்சைக்குப் போ, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்" என்றார்கள். அண்டை வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். இரவு மூன்று மணிக்கு, டேனிஷ் குளிரில். "யார் மீதும் யாருக்கும் அதிகாரம் இல்லை" என்று கையெழுத்துப் போட்ட நாம், அதை யாரை விட்டுச் சொல்லச் சொல்வோம்?

அவர்களும் எல்லாவற்றையும் ஜெயித்துவிடவில்லை. அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், நள்ளிரவு வரை கூட்டத்தில் உட்கார முடிந்தவன் சொல்தான் நிற்கும். கைக்குழந்தைக்காரி எழுந்து போய்விடுவாள். கஞ்சாவை வெளிப்படையாக விற்ற தெருவைக் கும்பல்கள் பிடித்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. கடைசியில் 2024 ஏப்ரலில், அரசாங்கத்தின் ஒத்துழைப்போடு, அங்கு வாழ்பவர்களே அந்த வியாபாரத்தை நிறுத்தத் தெருவின் கற்களைப் பெயர்த்து எடுத்தார்கள். நாற்பது நாளில் ஹெராயினை விரட்டியவர்களுக்குக் கஞ்சா வியாபாரத்தைத் தொட ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. தங்கள் சுதந்திரத்தின் அடையாளம் என்று அதை நினைத்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நமக்கும் அப்படி ஏதாவது ஒன்று வாய்க்கும்.

அவர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் வீட்டு ஏற்பாட்டைத்தான் எடுப்பேன். அங்கே யாரும் வீட்டை விற்க முடியாது. ஒரு வீடு காலியானால், யார் வருவது என்பதை அந்தப் பகுதிக் கூட்டம் முடிவு செய்யும். 2012இல் அரசிடமிருந்து இடத்தை வாங்கத் தொடங்கியபோதும் தனித்தனிப் பெயரில் வாங்கவில்லை. ஒரு அறக்கட்டளையின் பெயரில் வாங்கினார்கள். விலை சுமார் 7.6 கோடி டேனிஷ் குரோனர். அதில் ஒரு பகுதியைத் திரட்ட 'மக்கள் பங்கு' என்று காகிதம் அச்சடித்து விற்றார்கள். வாங்கியவர்களுக்கு லாபமும் கிடையாது, ஓட்டும் கிடையாது. அரசை ஏற்காதவர்கள் அரசிடமே நிலம் வாங்கினார்கள் என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் கேலி எதுவும் தெரியவில்லை. நிலத்தின் விலை ஏறுகிற நகரத்தில் அடுத்த தலைமுறைக்கும் அந்த இடம் இருக்கிறதே.

அடுத்த கூட்டத்தில் பெயரையும் கொடியையும் ஒத்திவையுங்கள். நம்மில் ஒருவன் குடித்துவிட்டு வந்து இன்னொருவரை அடித்தால், அன்று ராத்திரி யார் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை மட்டும் எடுங்கள். அந்தப் பெண்ணையும் பேசச் சொல்லுங்கள். டம்ளர்களை ஆண்கள் கழுவட்டும்.

தோழமையுடன்,
தண்ணீர்க் கேன் பக்கத்தில் இருந்தவன்